வான்கப்பலில் வந்திறங்கிய சாகச விமானம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு பதிலின் இடையே, பியூக்கர் யுங்மைஸ்டர் என்னும் பழைய ஜெர்மானியச் சாகச விமானத்தைப் பற்றி இரண்டு வரி எழுதி, அதன் படத்தையும் வெளியிட்டிருந்தோம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குச் சிறகுகள் கொண்ட அந்தச் சின்னஞ்சிறு விமானம் டெல்டா வாசகர்களை இவ்வளவு கிளறிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திருவையாற்றிலிருந்து வேதாரண்யம் வரை கடிதங்கள் வந்து குவிந்துவிட்டதால், நெற்பயிர்க் காப்பீடு பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இம்முறை பக்கம் முழுவதையும் அந்த விமானத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: யுங்மைஸ்டர் என்றால் என்ன பொருள்? அதை உருவாக்கியவர் யார்? எதற்காக உருவாக்கினார்? – திருவையாற்றிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

பதில்: யுங்மைஸ்டர் என்பதற்கு இளம் வல்லவன் என்று பொருள் கொள்ளலாம். அதற்கு மூத்த உடன்பிறப்பாக யுங்மான், அதாவது இளைஞன், என்ற இருவர் அமரும் பயிற்சி விமானம் ஒன்று உண்டு. அது 1934-இல் முதன்முறை பறந்தது. இரண்டையும் தயாரித்தவர் கார்ல் கிளெமென்ஸ் பியூக்கர். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானியக் கடற்படையில் பணியாற்றியவர். போருக்குப் பின் ஸ்வீடனுக்குச் சென்று 1921-இல் அங்கே விமானத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். 1933-இல் தாய்நாடு திரும்பியபோது ஆண்டர்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்வீடன் நாட்டு வடிவமைப்பாளரையும் உடன் அழைத்துவந்தார். யுங்மைஸ்டரின் அழகு முழுவதும் இந்த ஆண்டர்சனின் கைவண்ணம் என்பது என் துணிபு. முதலாளியின் பெயர் விமானத்தில் நிலைத்துவிட்டது, வரைந்தவரின் பெயரை நூல்களில்தான் தேட வேண்டியிருக்கிறது.

பெர்லினுக்குத் தெற்கே ராங்ஸ்டார்ஃப் என்னும் ஊரில் அவர்களுடைய தொழிற்சாலை அமைந்தது. யுங்மானின் உறுப்புகளை எடுத்துக்கொண்டு, சிறகைக் குறுக்கி, ஒருவர் மட்டும் அமரும்படி உடலைச் சிறிதாக்கி, வலுவான எஞ்சினைப் பொருத்தியபோது யுங்மைஸ்டர் பிறந்தது. 1935-இல் அதை முதன்முதலில் வானேற்றியவர் ஒரு பெண்: லூயிஸே ஹாஃப்மன். ஜெர்மனியில் ஒரு விமானத் தொழிற்சாலையில் சோதனை விமானியாகப் பணியில் அமர்ந்த முதல் பெண் அவரே. அதே ஆண்டிலேயே விபத்தொன்றில் காயமுற்று இறந்துபோனார் என்பது இந்த வரலாற்றின் முதல் சோகம்.

எதற்காக என்று கேட்டிருக்கிறீர்கள். விளையாட்டுக்காக என்று சொல்வது பாதி உண்மை. முதல் உலகப் போருக்குப் பின் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனிக்குப் போர் விமானப்படை கூடாது என்று தடுத்திருந்த காலத்தில், பறத்தல் மன்றங்களும் விளையாட்டு விமானங்களும் அந்நாட்டு இளைஞர்களை விமானிகளாக வளர்க்கும் மறைவிடமாகப் பயன்பட்டன. 1935-இல் ஹிட்லர் அரசு தன் விமானப்படையை வெளிப்படையாக அறிவித்தபோது, யுங்மான் அடிப்படைப் பயிற்சிக்கும், யுங்மைஸ்டர் மேற்பயிற்சிக்கும் ஆயத்தமாக நின்றன. எனவே, இந்த விமானத்தின் நளினத்தை வியக்கும்போது, அது யாருடைய முற்றத்தில் வளர்ந்தது என்பதையும் மறக்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: 1935-இல் ஒற்றைச் சிறகு விமானங்கள் வந்துவிட்டனவே. அப்படியிருக்க, இரண்டு அடுக்குச் சிறகு எதற்கு? – கும்பகோணத்திலிருந்து பொறியியல் கல்லூரி மாணவர்.

பதில்: நியாயமான கேள்வி, உங்கள் பேராசிரியர்களும் இதை ரசிப்பார்கள். வேகம்தான் நோக்கம் என்றால் பைப்ளேன் என்று விமானக்காரர்கள் சொல்லும் இந்த ஈரடுக்கு விமானத்தின் காலம் அப்போது முடிந்துகொண்டிருந்தது. இரண்டு சிறகு, அவற்றை இணைக்கும் தூண்கள், குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பிகள் எல்லாம் காற்றை எதிர்த்து நின்று வேகத்தைக் கெடுக்கும். யுங்மைஸ்டரின் உச்ச வேகமே மணிக்கு 220 கிலோமீட்டர்தான்.

ஆனால், சாகசத்துக்கு வேண்டியது வேகம் அன்று; உறுதியும் சுறுசுறுப்பும். குடமுழுக்குக்கு முன் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தனியாக நட்ட மூங்கில் சற்று அசைத்தாலே ஆடும். அதே மூங்கில்களைக் குறுக்குக் கழிகளால் பிணைத்துவிட்டால் பத்துப் பேர் ஏறி நின்றாலும் அசையாது. பைப்ளேனின் இரண்டு சிறகுகளும் அவற்றுக்கு இடையே உள்ள தூண்களும் கம்பிகளும் இப்படி ஒரு பெட்டிபோல் பிணைந்து நிற்பதால், மெல்லிய மரச்சட்டங்களைக் கொண்டே பெரும் சுமையைத் தாங்கும் சிறகை அமைத்துவிட முடிகிறது. தேவையான சிறகுப் பரப்பு இரண்டு தளங்களில் பகிர்ந்துகொள்ளப்படுவதால் ஒவ்வொன்றும் குட்டையாக இருக்கலாம். யுங்மைஸ்டரின் சிறகு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 6.6 மீட்டர்தான், நீளம் ஏறத்தாழ 6 மீட்டர்.

குட்டைச் சிறகின் பயனைச் சிலம்பம் ஆடுபவரிடம் கேட்டுப்பாருங்கள். நீண்ட கம்பைச் சுழற்றத் தொடங்கவும் நிறுத்தவும் எடுக்கும் நேரம், குட்டைக் கம்புக்குத் தேவையில்லை. விமானம் தன் நீளவாட்டத்தை அச்சாகக் கொண்டு உருளும்போதும் இதே கணக்குதான். சிறகின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசைந்து விமானத்தை உருளச்செய்யும் எய்லரான் என்ற மடிப்புகள் யுங்மைஸ்டரின் நான்கு சிறகுகளிலும் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றை எதிர்க்கும் கம்பிகளும் ஒருவகையில் உதவியே செய்தன: மூக்கைக் கீழே சாய்த்துப் பாயும்போது வேகம் கைமீறி ஏறிவிடாமல் அவை தடுத்தன.

இந்த விமானம் குறிப்பாகப் பெயர் பெற்றது ஃபிளிக் ரோல் என்ற வித்தைக்கு. நேராகப் பறந்துகொண்டிருக்கும்போது விமானி கைப்பிடித் தண்டை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்து, ஒரு காலால் வால் சுக்கானை முழுவதும் மிதிப்பார். ஒரு பக்கச் சிறகுகளில் தூக்குவிசை அறுந்துபோகும். மறுபக்கத்தில் அது இன்னும் இருக்கும். அந்த வேறுபாடே விமானத்தை ஒரு சொடுக்கில் முழுச் சுற்று சுற்றிவிடும். சரியான கணத்தில் நிறுத்துவதில்தான் விமானியின் திறமை இருக்கிறது.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு மேலே சுகோய் விமானம் இடிபோல் முழங்கிச் செல்கிறது. அதுவும் குட்டிக்கரணம் போடும் என்கிறார்கள். யுங்மைஸ்டரும் போடும் என்கிறீர்கள். இரண்டில் எது கெட்டி? – வல்லத்திலிருந்து 8-ஆம் வகுப்பு மாணவி.

பதில்: இரண்டும் கெட்டிதான், தாயே, ஆனால் கரணம் போடும் வழி வேறு. தஞ்சை விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியிலிருந்து இருக்கும் சுகோய்-30 எம்கேஐ முழுச் சுமையோடு ஏறத்தாழ 38,800 கிலோ இருக்கும். யுங்மைஸ்டர் விமானியோடும் எரிபொருளோடும் சேர்த்தே 585 கிலோதான். சாலையில் ஓடும் சிறிய காரைவிட எடை குறைவு. அந்த எடையைச் சிறகின் பரப்பால் வகுத்துப்பார்: யுங்மைஸ்டரில் ஒரு சதுர மீட்டர் சிறகு சுமப்பது 50 கிலோவுக்கும் சற்றுக் குறைவு, சுகோயில் அது 600 கிலோவைத் தாண்டும். எனவே சுகோய் தன் இரண்டு ஜெட் எஞ்சின்களின் அசுர பலத்தால் வானத்தை உழுதுகொண்டு திரும்புகிறது. யுங்மைஸ்டரோ 160 குதிரைத்திறன் கொண்ட, ஏழு சிலிண்டர்களை வட்டமாக அடுக்கிய ஒரே எஞ்சினை வைத்துக்கொண்டு, உன் பள்ளி மைதானத்துக்கு மேலேயே, ஊர் எல்லையைத் தாண்டாமல் எல்லா வித்தையையும் காட்டிவிடும். கீழே நிற்பவர் கழுத்து வலிக்காமல் பார்க்கலாம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் யுங்மைஸ்டர் ஒன்று ஹிண்டன்பர்க் வான்கப்பலில் ஏறி வந்தது என்றும், அது 1937-இல் நடந்தது என்றும் படித்தேன். அந்த ஆண்டில்தானே ஹிண்டன்பர்க் எரிந்தது? – திருவாரூரிலிருந்து நூலகர்.

பதில்: உங்கள் ஐயம் சரியானது. ஹைட்ரஜன் வாயு நிரப்பி மிதக்கவிட்ட ஜெர்மானிய வான்கப்பலான ஹிண்டன்பர்க் 1937-இல் வட அமெரிக்காவுக்கு மேற்கொண்ட ஒரே பயணம், மே 6 அன்று நியூஜெர்சியின் லேக்ஹர்ஸ்ட் தளத்தில் இறங்கும்போது ஹைட்ரஜன் தீப்பற்றி, 36 உயிர்களைப் பறித்ததோடு முடிந்தது. அதில் வந்திருந்தால் துணியும் மரமுமான விமானம் சாம்பலாகியிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டான 1936-இல் அந்த வான்கப்பல் லேக்ஹர்ஸ்டுக்குப் பத்து முறை வந்துபோயிற்று. யுங்மைஸ்டர் அவற்றுள் ஒன்றில் ஏறி வந்ததாகக் கொண்டால்தான் கணக்குப் பொருந்தும். 1937 என்ற ஆண்டு, அந்த விமானம் கிளீவ்லாந்து வான்விழாவில் புகழடைந்த ஆண்டோடு குழம்பி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கொண்டுவந்தவர் அலெக்ஸ் பாப்பானா என்ற ருமேனிய நாட்டுச் சாகச விமானி. விமானத்தில் எழுதியிருந்த பதிவு எழுத்துகள் ஒய்.ஆர்.-பி.ஏ.எக்ஸ்.; முதல் இரண்டும் ருமேனியாவைக் குறிப்பவை, மற்றவற்றில் அவருடைய பெயரின் நிழல் விழுவதைப் பாருங்கள். சிறகுகளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து, 245 மீட்டர் நீளமுள்ள வான்கப்பலின் சரக்கறையில் ஏற்றினார்கள். நம் பெரிய கோயில் விமானத்தைப் படுக்கவைத்தால் அதன் உயரத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு நீளம் அது! கோயில் கோபுர அமைப்புக்கும் வானூர்திக்கும் ஒரே சொல்லை வழங்கும் நமக்கு, ஒரு விமானத்தின் வயிற்றுக்குள் இன்னொரு விமானம் கடல் கடந்தது என்பது கூடுதல் இன்பம் தருகிறது.

1937 செப்டம்பரில் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் தேசிய வான்பந்தய விழா நடந்தது. ஜெர்மனியிலிருந்து ஓட்டோ ஃபான் ஹாகன்பர்க் என்ற பிரபு தம்முடைய யுங்மைஸ்டரோடு வந்திருந்தார். கூட்டத்தின் முன்னால் தலைகீழாகத் தரையை ஒட்டிப் பறந்துகொண்டிருந்தபோது உயரத்தைச் சற்றே தவறவிட்டார்; விமானம் தரையில் மோதி உடைந்து நொறுங்கியது. பார்த்தவர்கள் அவர் இறந்துவிட்டார் என்றே நினைத்திருப்பார்கள். அவரோ சிறு காயங்களோடு வெளியே வந்து, பாப்பானாவின் விமானத்தை இரவல் கேட்டு வாங்கி, மீண்டும் மேலே ஏறிவிட்டார்! துணிச்சல் என்று இதைக் கொண்டாடுபவர்கள் உண்டு. எனக்கு அதைவிட வியப்பளிப்பது, சற்றுமுன் ஒரு விமானத்தை உடைத்தவரை நம்பி, கடல் கடந்து கொண்டுவந்த தம்முடைய விமானத்தைக் கொடுத்த பாப்பானாவின் மனம்தான்.

பிறகு அந்த விமானம் அமெரிக்கர்களின் கைக்கு மாறியது. மைக் மர்ஃபி என்பவர் அதை ஓட்டி 1938-லும் 1940-லும் அமெரிக்கச் சாகசப் பறத்தல் பட்டத்தை வென்றார். அவருக்குப் பின் தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த பெவர்லி ஹோவர்ட் அதை வாங்கினார். பெவோ என்று எல்லோரும் அழைத்த அவர், விமானப் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். ஊர் ஊராக, திருவிழா திருவிழாவாக, ஏறத்தாழ 30 ஆண்டுகள் அந்த ஒரே விமானத்தில் சாகசம் காட்டினார். 1971 அக்டோபரில் அப்படியொரு நிகழ்ச்சியின்போதே விபத்தில் உயிரிழந்தார். சிதைந்த விமானம் பின்னர் மீண்டும் கட்டி எழுப்பப்பட்டு, ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் தேசிய வான்–விண்வெளி அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது.

கேள்வி: நொறுங்கிய பிறகு மீண்டும் கட்டியது என்றால், அதைப் பாப்பானா கொண்டுவந்த அதே விமானம் என்று எப்படிச் சொல்லலாம்? – மயிலாடுதுறையிலிருந்து வழக்கறிஞர்.

பதில்: வழக்கறிஞருக்கே உரிய கேள்வி. திருவாரூர் ஆழித்தேர் 1926-இல் தீக்கிரையானது. பின்னர் புது மரத்தில் புதுத் தேர் செய்தார்கள். அதை யாரேனும் வேறு தேர் என்கிறார்களா? வடம் பிடிப்பவருக்கு அது ஆழித்தேர்தான். பழைய விமானங்களின் உலகிலும் வழக்கம் ஏறத்தாழ அதுவே. துணி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும், எஞ்சின் மாறும், மரச்சட்டங்கள் மாறும். தொழிற்சாலை பொறித்த எண் தகடும், அதைத் தொடர்ந்துவரும் பதிவேடும்தான் அடையாளத்தைச் சுமக்கின்றன. ஆனால் இந்த வழக்கத்தில் ஒரு மோசடிக்கும் இடமிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்: எங்கோ கிடந்த தகட்டை மட்டும் எடுத்து, அதைச் சுற்றி முற்றிலும் புதிய விமானத்தைக் கட்டிப் பழையது என்று விற்பவர்கள் உண்டு. பெவோவின் விமானம் அந்த வகையன்று. அது கைமாறிய வரிசை அறுபடாமல் தெரிகிறது. உடைந்தது, கட்டியது இரண்டும் மறைக்கப்படவில்லை. என் தீர்ப்பு: அதே விமானம்தான். மேல்முறையீடு செய்ய விரும்பினால் எழுதுங்கள்.

கேள்வி: விமானத்தில் மரமா? என்ன மரம்? எப்படிப் பதப்படுத்தினார்கள்? – தஞ்சாவூரிலிருந்து வீணை செய்யும் வாசகர்.

பதில்: யுங்மைஸ்டரின் உடற்கூடு பற்றவைத்த எஃகுக் குழாய்களால் ஆனது, சிறகுகளின் எலும்புக்கூடு மரம். உங்கள் பட்டறையில் பலா எப்படியோ, அக்கால விமானப் பட்டறையில் ஸ்ப்ரூஸ் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரம் அப்படி. எடை குறைவு, நார் நேராக ஓடும், முடிச்சு இல்லாத நீண்ட துண்டுகள் கிடைக்கும். உங்களுக்கு அது முற்றிலும் அந்நியமும் அன்று: கச்சேரிகளில் நீங்கள் கேட்கும் வயலினின் மேற்பலகை ஸ்ப்ரூஸ்தான்.

சிறகின் முதுகெலும்பான நெடுஞ்சட்டத்தில் நார் சற்றே குறுக்கே ஓடினாலும் அந்தத் துண்டைக் கழித்துவிடுவார்கள். மரத்தில் ஈரம் மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும், குறைந்தால் வெடிக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துண்டுகளை ஒட்ட அக்காலத்து விமானங்கள் பலவற்றில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை பயன்பட்டது. ஆண்டுக்கணக்கில் ஈரக்காற்றில் நின்றால் அது வலுவிழக்கும். நாகப்பட்டினத்து உப்புக்காற்றிலும் நம் ஐப்பசி அடைமழையிலும் அத்தகைய விமானத்தைத் திறந்தவெளியில் நிறுத்திவைத்தால் மரமும் எஃகும் போட்டிபோட்டுக்கொண்டு கெடும்.

கூட்டின்மேல் துணியைப் போர்த்தித் தைத்து, டோப் என்ற செல்லுலோஸ் பூச்சைப் பலமுறை தடவுவார்கள். காயக் காயத் துணி சுருங்கி, வார்பிடித்த மிருதங்கத் தோல்போல் விறைத்து நிற்கும். விரலால் தட்டினால் ஒலி கேட்கும். சிறகுகளுக்கு இடையே ஓடும் கம்பிகளும் சுருதி சேர்ப்பதுபோல் அளவான இழுவிசையில் இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் காற்றில் அது அதிரும், பறக்கும்போது விமானம் ஒரு பக்கமாகச் சாயும். ஆகவே அந்தப் பட்டறைக்காரர்களுக்கும் உங்களுக்கும் பேசிக்கொள்ள நிறையவே இருந்திருக்கும்.

கேள்வி: தலைகீழாகப் பறக்கும்போது விமானி விழுந்துவிட மாட்டாரா? – நாகப்பட்டினத்திலிருந்து ஒரு மீனவர்.

பதில்: தோளிலும் இடுப்பிலும் தொடையிலும் வார்கள் இறுகப் பிணைத்திருக்கும். விழுவதைவிடத் தொல்லை, இரத்தம் தலைக்கு ஏறிக் கண் சிவப்பதுதான். எஞ்சினுக்கும் அதே சங்கடம் உண்டு: எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் சாதாரணக் கார்புரேட்டரில் மிதவை கவிழ்ந்து எரிபொருள் வரத்து நின்றுவிடும். தலைகீழ் நிலையிலும் எரிபொருள் ஓடும் தனி ஏற்பாடு இருந்ததால்தான் யுங்மைஸ்டரால் ஹாகன்பர்க்கின் வித்தையைக் காட்ட முடிந்தது.

கேள்வி: இத்தனை சுழற்சிகளையும் வரிசை தவறாமல் விமானி எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார்? போட்டியில் நடுவர் எப்படி மதிப்பிடுகிறார்? – பாபநாசத்திலிருந்து இல்லத்தரசி.

பதில்: கோலம் போடத் தெரிந்த உங்களுக்கு இதன் விடை உடனே பிடிபடும். யுங்மைஸ்டரில் பறந்து புகழ்பெற்ற ஸ்பெயின் நாட்டு விமானி ஹோசே லூயிஸ் அரெஸ்டி என்பவர், ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு கோட்டுருவம் வகுத்தார். சிறு புள்ளியில் தொடங்கும் கோடு, விமானம் செல்லும் பாதையை அப்படியே வரைந்து, குறுக்காக இட்ட சிறு கோட்டில் முடியும். நேராகப் பறந்தால் முழுக்கோடு, தலைகீழாகப் பறந்தால் விட்டுவிட்டுப் போட்ட கோடு. முன்னே சொன்ன ஃபிளிக் ரோலுக்கு முக்கோணம். ஒவ்வொரு உருவத்துக்கும் அதன் கடினத்துக்கேற்ப எண் மதிப்பும் உண்டு. 1960-களில் உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு இதை ஏற்றுக்கொண்டது. இன்றும் உலகப் போட்டிகள் எல்லாம் இந்த முறையிலேயே நடக்கின்றன. விமானி தம் வரிசையை ஒரு தாளில் வரைந்து கண்ணெதிரே ஒட்டிக்கொள்வார். அதன் படியே நடுவர் கையிலும் இருக்கும். புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் இழுக்கும் கைக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும் மொழி அது. நம் ஊர்ப் பெண் ஒருவர் நடுவராகப் போனால் மதிப்பெண் போடுவதில் கறாராக இருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: நம் நாட்டில் இந்த வகை விமானங்கள் பறந்தனவா? தஞ்சை விமானத்தளத்துக்கும் இவற்றுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? – மன்னார்குடியிலிருந்து முன்னாள் விமானப்படை வீரர்.

பதில்: ஐயா, உங்களுக்கு நன்கு தெரிந்த விமானத்தைத்தான் சொல்லப்போகிறேன். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நமக்கு வாய்த்த ஈரடுக்குப் பயிற்சி விமானம், டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் டைகர் மாத். 1931 அக்டோபர் 26 அன்று முதன்முறை பறந்த அதில் 8,800-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. இந்திய விமானப்படையில் சேர்ந்த ஒரு தலைமுறையே அதில்தான் எழுத்தறிவு பெற்றது. 1951-இல் பறந்த நம் சொந்தத் தயாரிப்பான எச்.டி.-2, ஒற்றைச் சிறகோடு வந்து அதன் இடத்தை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது.

டைகர் மாத்தை யுங்மைஸ்டரோடு ஒப்பிடுவது, வில்வண்டியைப் பந்தய வண்டியோடு ஒப்பிடுவது போன்றது. எய்லரான்கள் கீழ்ச்சிறகில் மட்டுமே உண்டு. ஆகவே உருளச் சொன்னால் யோசித்துவிட்டுத்தான் உருளும். தலைகீழாக்கினால் எஞ்சின் இருமி நின்றுவிடும். பிரேக் கிடையாது. முன் இருக்கையில் அமர்ந்தவர் ஆபத்தில் பாராசூட்டோடு குதிக்க வழி வேண்டும் என்பதற்காக மேற்சிறகை முன்னே நகர்த்தினார்கள். அதனால் நிலைகுலைந்த எடைச் சமநிலையைச் சரிசெய்யச் சிறகுகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். அந்தச் சாய்வுதான் அதற்கு அழகாகவும் அமைந்துவிட்டது. இத்தனை குறைகளோடும் அதில் ஒழுங்காகக் கரணம் போடக் கற்றவர் வேறு எதிலும் போடுவார். குறை உள்ள வாத்தியத்தில் சாதகம் செய்தவர் விரல் பிறகு எங்கும் தடுமாறாது அல்லவா? இந்திய விமானப்படை டைகர் மாத் ஒன்றைப் புதுப்பித்து, 2012-ஆம் ஆண்டு விமானப்படை நாளில் மீண்டும் பறக்கவிட்டது.

தஞ்சைத் தளத்துக்கு உள்ள தொடர்பு சாகசத் தொடர்பு அன்று, துயரத் தொடர்பு. பிரிட்டிஷ் விமானப்படையின் 36-ஆம் ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவு சிங்கப்பூரில் வில்டபீஸ்ட் என்ற ஈரடுக்குச் சிறகுக் குண்டுவீச்சு விமானங்களை வைத்திருந்தது. 1942 ஜனவரி 26 அன்று மலாயாவின் எண்டாவ் கடற்கரையில் இறங்கிக்கொண்டிருந்த ஜப்பானியப் படையைத் தாக்க, அந்த மெதுவான விமானங்களைப் பட்டப்பகலில் அனுப்பினார்கள். ஜப்பானியரின் ஒற்றைச் சிறகுப் போர் விமானங்கள் அவற்றை வேட்டையாடித் தீர்த்தன. சிதறிப்போன அந்த ஸ்குவாட்ரன் அதே ஆண்டு அக்டோபரில் மறுபிறப்பு எடுத்த இடம் நம் தஞ்சாவூர். இம்முறை அதற்குக் கிடைத்தவை வெலிங்டன் என்ற இரட்டை எஞ்சின், ஒற்றைச் சிறகு விமானங்கள். போர்க்களத்தில் பைப்ளேன் தோற்ற கதையின் ஒரு முனை இவ்வாறு நம் மண்ணில் வந்து முடிகிறது.

கேள்வி: லூயிஸே ஹாஃப்மனுக்குப் பின் சாகச பைப்ளேன் ஓட்டிய பெண்கள் உண்டா? யுங்மைஸ்டருக்குப் பின் அந்த வகை விமானம் என்ன ஆயிற்று? – திருத்துறைப்பூண்டியிலிருந்து கல்லூரி மாணவி.

பதில்: இரண்டு கேள்விக்கும் ஒரே பெயரில் தொடங்கலாம்: பெட்டி ஸ்கெல்ட்டன். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கர்ட்டிஸ் பிட்ஸ் என்பவர் 1944-இல் யுங்மைஸ்டரையும்விடச் சிறிய பைப்ளேன் ஒன்றைச் செய்து பறக்கவிட்டார். அவருடைய இரண்டாவது விமானத்தை 1948-இல் வாங்கிய ஸ்கெல்ட்டனுக்கு அப்போது வயது 22. 1948-இல் வேறொரு விமானத்தில் பெண்கள் சாகசப் பறத்தல் பட்டத்தை வென்றிருந்த அவர், வெற்று எடை 250 கிலோகூட இல்லாத இதில் 1949-லும் 1950-லும் அதே பட்டத்தை மீண்டும் வென்றார். இரு கம்பங்களுக்கு நடுவே, தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் கட்டிய நாடாவைத் தலைகீழாகப் பறந்து வந்து விமானத்தின் மூக்கில் சுழலும் காற்றாடியால் அறுப்பது அவருடைய முத்திரை வித்தை.

1960-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் முதல் உலகச் சாகசப் பறத்தல் போட்டி நடந்தபோது, அந்நாட்டின் ஸ்லின் என்ற ஒற்றைச் சிறகு விமானம் வாகை சூடியது. பைப்ளேன்களின் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1972-இல் பிரான்ஸில் நடந்த உலகப் போட்டியில் அமெரிக்க அணி பிட்ஸ் பைப்ளேன்களோடு வந்து, ஆடவர் பட்டத்தைச் சார்லி ஹில்லார்டும் பெண்கள் பட்டத்தை மேரி கஃபானியும் வெல்ல, ஈரடுக்குச் சிறகு மீண்டும் தலைநிமிர்ந்தது. யுங்மைஸ்டரும் அதற்குள் மறைந்துவிடவில்லை. உரிமம் பெற்று ஸ்விட்சர்லாந்திலும் ஸ்பெயினிலும் அதைச் செய்தார்கள்; ஸ்விட்சர்லாந்து விமானப்படை 1968 வரை அதைப் பயன்படுத்தியது.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அடுத்த ஆண்டு அவனிடம் போகிறேன். பாப்பானாவின் விமானத்தை எங்கே பார்க்கலாம்? – தரங்கம்பாடியிலிருந்து ஓய்வுபெற்ற தபால் அலுவலர்.

பதில்: தலைநகர் வாஷிங்டனுக்கு அருகே, வர்ஜீனியா மாநிலத்தில் டல்லஸ் பன்னாட்டு விமான நிலையத்தை ஒட்டி, சான்டிலி என்ற ஊரில் ஸ்டீவன் உட்வர்–ஹேசி மையம் இருக்கிறது, மேற்சொன்ன ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தின் கிளை அது. மர்ஃபியும் பெவோவும் ஓட்டிய யுங்மைஸ்டர் அங்கேதான் இருக்கிறது. பெட்டி ஸ்கெல்ட்டனின் விமானத்தையும் அங்கேயே காணலாம். அதைத் தலைகீழாகத்தான் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஆகவே கயிறு அறுந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். அவ்வளவு தூரம் போக வாய்ப்பில்லாத மற்ற வாசகர்கள், டெல்லி செல்லும்போது பாலம் பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போய்வரலாம். நம் விமானப்படை தன் முதல் பறப்பை மேற்கொண்ட வபிட்டி வகை ஈரடுக்கு விமானம் ஒன்று அங்கே இருக்கிறது. அது சாகசம் காட்டும் விமானம் அன்று; ஆனால் தூண், கம்பி, துணி ஆகிய மூன்றையும் அருகில் நின்று பார்க்கலாம்.